ஆறில்லா ஏரி: ஓரிகனின் கிரேட்டர் ஏரி வரலாறு

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தின் தென்பகுதியில், கேஸ்கேட் மலைத்தொடரின் முகட்டில், கடல்மட்டத்திலிருந்து 1,883 மீட்டர் உயரத்தில் இருக்கிறது கிரேட்டர் ஏரி. வட்டத்தை ஒத்த வடிவம். குறுக்களவு 8 முதல் 10 கிலோமீட்டர் வரை, பரப்பு சுமார் 53 சதுர கிலோமீட்டர். மிக ஆழமான இடத்தில் 594 மீட்டர் இறங்குகிறது. அமெரிக்காவில் இதைவிட ஆழமான ஏரி இல்லை. ஏரியைச் சுற்றிலும் செங்குத்தான பாறைச் சுவர் எழுந்து நிற்கிறது. சில இடங்களில் அந்தச் சுவர் நீர்மட்டத்துக்கு மேல் 600 மீட்டர் வரை உயர்கிறது.

இந்த ஏரிக்கு வந்து சேரும் ஆறு எதுவும் கிடையாது, இதிலிருந்து புறப்படும் ஆறும் கிடையாது. மேலே விழும் பனியும் மழையும்தான் இதன் வரவு. வெயிலில் ஆவியாவதும் பாறை இடுக்குகள் வழியே கசிவதும்தான் செலவு. பல நூற்றாண்டுகளாக வரவும் செலவும் ஏறக்குறைய சமமாக இருப்பதால் நீர்மட்டம் ஒரு சில மீட்டருக்குள்ளேயே ஏறி இறங்குகிறது. ஏரியின் நீர் முழுவதும் புதிதாக மாறுவதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் ஆகும். ஆகவே இதற்குள் ஒருமுறை போய்ச் சேர்ந்த எதுவும் எளிதில் வெளியே போவதில்லை. கிரேட்டர் ஏரிக்கு மனிதர்கள் வந்துபோன வரலாற்றைப் படிக்கும்போது இதை மறக்காமல் இருப்பது அவசியம்.

மலை விழுந்த நாள்

ஏரி இருக்கும் இடத்தில் முன்பு ஒரு மலை இருந்தது. இன்று அதை மஸாமா மலை என்கிறார்கள். சுமார் 4 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு உருவாகத் தொடங்கிய இந்த எரிமலை ஒரே கூம்பாக வளரவில்லை. அருகருகே வெடித்த பல வாய்களிலிருந்து வழிந்த கற்குழம்பு ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து ஒரு பெரிய மலைத்திரள் ஆனது. அதன் உயரம் ஏறத்தாழ 3,700 மீட்டர் இருந்திருக்கும் என்று கணக்கிடப்படுகிறது. பனியுகங்களில் அதன் சரிவுகளைப் பனியாறுகள் மூடின. அவை குடைந்த பள்ளத்தாக்குகள் இன்றும் தெரிகின்றன.

சுமார் 7,700 ஆண்டுகளுக்கு முன்பு மஸாமா வெடித்தது. மலைக்கு அடியில் சேர்ந்திருந்த கற்குழம்பில் சுமார் 50 கன கிலோமீட்டர் வெளியே வந்தது. முதலில் ஒரே வாயிலிருந்து சாம்பலும் நுரைக்கல்லும் பல கிலோமீட்டர் உயரத் தூணாக வானில் எழுந்தன. காற்று அந்தச் சாம்பலை வடகிழக்கே கொண்டுபோனது. இன்றைய அமெரிக்காவின் எட்டு மாநிலங்களிலும் கனடாவின் மூன்று மாகாணங்களிலும் அந்தப் படிவு கிடைக்கிறது. கிரீன்லாந்தின் பனிப்பாளத்தைத் துளைத்து எடுத்த மாதிரிகளில்கூட மஸாமாவின் கண்ணாடித் துகள்கள் இருந்தன.

அடியிலிருந்த கற்குழம்பு தீரத் தீர, மேலிருந்த மலைக்குத் தாங்கல் இல்லாமல் போயிற்று. மலையின் நடுப்பகுதி வட்டமாகப் பிளந்து உள்ளே இறங்கத் தொடங்கியது. அந்த வட்டப் பிளவு நெடுகிலும் புதிய வாய்கள் திறந்தன. கொதிக்கும் வாயுவும் சாம்பலும் கல்லும் கலந்த வெள்ளம் பள்ளத்தாக்குகள் வழியே எல்லாத் திசைகளிலும் பாய்ந்தது. மேற்கே ரோக் ஆற்றுப் பள்ளத்தாக்கில் அது 60 கிலோமீட்டருக்கும் அப்பால் போய் நின்றது. ஏரிக்கு வடக்கே உள்ள நுரைக்கல் பாலைவனமும், தென்கிழக்கே ஓடைக்கரையில் ஊசி ஊசியாக நிற்கும் பின்னக்கிள்ஸ் என்ற கல்தூண்களும் அந்தப் பாய்ச்சல் விட்டுச்சென்றவை. மலையின் இந்தச் சரிவு மிகக் குறுகிய காலத்தில், சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ, முடிந்திருக்க வேண்டும் என்பது நிலவியலாளரின் முடிவு. வெடிப்புக்குச் சற்று முன்னால் வடகரையில் வழிந்திருந்த கிளீட்வுட் கற்குழம்பு இன்னும் இறுகாத நிலையில் இருந்தது. நிலம் உள்வாங்கியதும் அது திரும்பி ஏரிக்குழிக்குள்ளேயே வழிந்தது. அந்த வழிதல் சுவரில் இன்றும் காணக் கிடைக்கிறது.

எஞ்சியது ஒரு கிலோமீட்டருக்கும் மேல் ஆழமான பெருங்குழி. அது உடனே அமைதியாகிவிடவில்லை. அடுத்த சில நூற்றாண்டுகளில் குழியின் தரையிலேயே சிறு எரிமலைகள் எழுந்தன. அவற்றில் ஒன்று மட்டும் நீர்மட்டத்துக்கு மேல் 230 மீட்டருக்குச் சற்று அதிகமாகத் தலைநீட்டி நிற்கிறது. அதுதான் விசார்ட் தீவு. மற்றவை நீருக்குள் மறைந்திருக்கின்றன. பனி உருகி, மழை சேர்ந்து, குழி இன்றைய மட்டம் வரை நிரம்பச் சுமார் 700 ஆண்டுகள் ஆகியிருக்கும். வடகிழக்குச் சுவரில் நீர் புகக்கூடிய தளர்வான படிவு ஒன்று இருக்கிறது. நீர் அந்த மட்டத்தை எட்டியபோது கசிவு கூடி, மேற்கொண்டு ஏறுவது நின்றது. சுமார் 4,800 ஆண்டுகளுக்கு முன்பு விசார்ட் தீவின் அருகே நீருக்கடியில் ஒரு சிறு வெடிப்பு நடந்தது. அதற்குப் பிறகு வெடிப்பு எதுவும் நடந்ததற்குச் சான்று இல்லை.

சாம்பலுக்கு அடியில் செருப்புகள்

மஸாமா வெடித்தபோது அந்த வட்டாரத்தில் மனிதர்கள் வாழ்ந்தார்கள் என்பதற்குச் சான்று உண்டு. ஓரிகன் பல்கலைக்கழக மானிடவியலாளர் லூதர் கிரெஸ்மன் 1938இல், ஏரிக்கு வடகிழக்கே உள்ள ஃபோர்ட் ராக் குகையைத் தோண்டினார். மஸாமாவின் சாம்பல் படிவுக்குக் கீழே, சேஜ்பிரஷ் என்ற புதர்ச்செடியின் பட்டையை முறுக்கிப் பின்னிய செருப்புகள் பல டஜன் கிடைத்தன. பின்னாளில் கதிரியக்கக் கரிமக் காலக்கணிப்பு வந்தபோது அவை 9,000 ஆண்டுகளுக்கும் முற்பட்டவை என்று தெரியவந்தது. உலகில் கிடைத்துள்ள மிகப் பழைய காலணிகளில் இவையும் அடங்கும்.

ஏரியைச் சூழ்ந்த நிலத்தின் பூர்வகுடிகளான கிளமத் மக்களின் வாய்மொழி மரபில் இந்த வெடிப்பு இரண்டு தெய்வங்களின் போராக இருக்கிறது. பாதாளத்தின் தலைவன் லாவ் இந்த மலைக்குள் வாழ்ந்தான். மேலுலகின் தலைவன் ஸ்கெல் தெற்கே சாஸ்டா மலையில் நின்றான். இருவரும் நெருப்பையும் பாறையையும் எறிந்து போரிட்டார்கள். இறுதியில் லாவ் தோற்று மலைக்குள் விழ, மலை அவன்மேல் இடிந்தது. பிறகு அந்தப் பள்ளத்தை நீர் நிரப்பியது. மலை வெளியே சிதறியதாக அல்ல, உள்ளே விழுந்ததாக இந்தக் கதை சொல்கிறது. பல தலைமுறை கழித்து நிலவியலாளர்கள் வந்தடைந்த முடிவும் அதுவே.

கிளமத் மக்களுக்கு இந்த ஏரி அருள் வேண்டிப் போகும் இடமாக இருந்தது. துயரத்தில் இருப்பவரும், ஆற்றல் தேடுபவரும் தனியே மலையேறி, உண்ணாமல் இருந்து, கற்களை அடுக்கிவைத்து, ஆபத்தான சுவர்களில் இறங்கி நீரில் மூழ்கி எழுந்தார்கள். பொதுவாகப் போய்ப் பார்த்துவரும் இடமாக அது இருக்கவில்லை. அன்னியரிடம் அதைப் பற்றிப் பேசுவதையும் அவர்கள் தவிர்த்தார்கள். 1864இல் கிளமத், மோடாக், யாஹூஸ்கின் மக்கள் அமெரிக்க அரசுடன் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டனர். தங்கள் நிலத்தின் பெரும்பகுதியை அதன்வழி விட்டுக்கொடுக்க நேர்ந்தது. ஏரியும் அவ்வாறு கைமாறிய நிலத்துக்குள் இருந்தது.

தங்கம் தேடியவர்களும் சிப்பாய்களும்

வெள்ளையர்களில் இந்த ஏரியை முதலில் கண்டவர்களாகப் பதிவானவர்கள் தங்கம் தேடி அலைந்த ஒரு கூட்டத்தினர். ஜாக்சன்வில் ஊரிலிருந்து கிளம்பிய அவர்கள், 1853 ஜூன் 12 அன்று, காணாமற்போன ஒரு சுரங்கத்தைத் தேடி மலைக்காட்டில் வழிதவறியிருந்தார்கள். ஜான் வெஸ்லி ஹில்மன் என்ற இளைஞர் ஏறியிருந்த கோவேறுகழுதை திடீரென்று நின்றது. அதன் காலடிக்கு அப்பால் பாறை செங்குத்தாக இறங்கியது, அடியில் ஏரி கிடந்தது. அதற்கு ‘ஆழ்நீல ஏரி’ என்று பெயரிட்டுவிட்டு அவர்கள் மேலே சென்றார்கள். தங்கம் கிடைக்காத இடம் யாருக்கும் தேவைப்படவில்லை. வரைபடமோ அச்சிட்ட குறிப்போ இல்லாததால் அந்தக் காட்சி மறக்கப்பட்டது.

1862இல் சான்சி நை என்பவரின் தலைமையில் வந்த மற்றொரு தங்கவேட்டைக் கூட்டம் அதே ஏரியைப் புதிதாகக் கண்டதாக எண்ணியது. ஜாக்சன்வில் பத்திரிகையில் அதைப் பற்றி ஒரு குறிப்பும் வெளிவந்தது. 1865இல் கிளமத் கோட்டையின் சிப்பாய்கள் சாலை போடும் வேலையின் நடுவே இங்கு வந்து சேர்ந்தார்கள். அவர்களில் சிலர் சுவர் வழியே நீர்க்கரை வரை இறங்கினார்கள். ஏரிக்கு இன்னொரு பெயரும் அப்போது கிடைத்தது. கடைசியாக 1869இல் ஜாக்சன்வில் பத்திரிகையாசிரியர் ஜிம் சட்டன் நண்பர்களோடு வந்தார். அவர்கள் படகு இறக்கி விசார்ட் தீவுக்குப் போய், அதன் உச்சியில் உள்ள எரிமலைவாயைப் பார்த்து ‘கிரேட்டர் ஏரி’ என்று எழுதினார்கள். அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. 1874இல் ஜாக்சன்வில்லின் புகைப்படக்காரர் பீட்டர் பிரிட் கனமான கருவிகளை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து ஏரியை முதன்முதலாகப் படம் எடுத்தார். அந்தப் படம் ஏரியின் பெயரை வெளியூர்களுக்குக் கொண்டுபோனது.

ஸ்டீலின் 17 ஆண்டுகள்

கிரேட்டர் ஏரி அரசின் பாதுகாப்புக்குள் வந்ததற்கு வில்லியம் கிளாட்ஸ்டன் ஸ்டீல் என்ற தனிமனிதரின் பிடிவாதம் பெருங்காரணம். 1870இல் கான்சஸில் பள்ளி மாணவனாக இருந்தபோது, மதிய உணவைச் சுற்றியிருந்த செய்தித்தாளில் ஓரிகனின் மூழ்கிய ஏரி ஒன்றைப் பற்றிப் படித்ததாக அவரே பின்னாளில் சொன்னார். இரண்டு ஆண்டுகளில் குடும்பம் ஓரிகனுக்குக் குடிபெயர்ந்தது. ஆனாலும் ஏரி எங்கே இருக்கிறது என்று சொல்லக்கூடிய ஆளைக் கண்டுபிடிக்கவே அவருக்கு ஆண்டுகள் பிடித்தன. 1885இல்தான் அதன் கரையில் நின்றார். அந்தப் பயணத்தில் நிலவியலாளர்களான ஜோசப் லெகான்ட்டும் கேப்டன் கிளாரன்ஸ் டட்டனும் உடன் இருந்தார்கள். இந்த இடத்தைத் தனியார் கைக்குப் போகவிடாமல் காக்க வேண்டும் என்று ஸ்டீல் அங்கேயே முடிவெடுத்தார்.

அவர் திரட்டிய மனுக்களின் பயனாக, ஏரியைச் சுற்றியுள்ள நிலத்தில் குடியேற்றத்தை 1886 தொடக்கத்தில் ஜனாதிபதி குரோவர் கிளீவ்லண்ட் நிறுத்திவைத்தார். அதே ஆண்டு கோடையில் டட்டனின் தலைமையில் அமெரிக்க நிலவியல் ஆய்வுத்துறை ஏரியின் ஆழத்தை அளக்கப் புறப்பட்டது. படகுகளுக்கு ஸ்டீல் பொறுப்பேற்றார். ‘கிளீட்வுட்’ என்ற பெரிய படகு போர்ட்லண்டில் கட்டப்பட்டு, ஆஷ்லண்ட் வரை ரயிலிலும், அங்கிருந்து மலைப்பாதையில் குதிரை வண்டியிலும் வந்தது. பிறகு கயிறு கட்டி, செங்குத்துச் சுவர் வழியே அதை நீருக்கு இறக்கினார்கள். சுருளில் சுற்றிய பியானோ கம்பியின் முனையில் எடை கட்டி நீருக்குள் விட்டு 168 இடங்களில் ஆழம் பார்த்தார்கள். கிடைத்த மிகப்பெரிய அளவு 1,996 அடி, அதாவது சுமார் 608 மீட்டர். 2000ஆம் ஆண்டில் ஒலியலைக் கருவிகள் லட்சக்கணக்கான புள்ளிகளில் அளந்து சொன்ன 594 மீட்டருக்கும் இதற்கும் வித்தியாசம் சுமார் 14 மீட்டர்தான்.

தேசியப் பூங்கா கேட்டு வைத்த கோரிக்கைக்கு ஆடு மேய்ப்பவர்களும் மரத்தொழில் நடத்தியவர்களும் எதிராக நின்றார்கள். 1893இல் கேஸ்கேட் மலைத்தொடரின் பெரும்பகுதி காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது ஓரளவு வெற்றி. 1894இல் ஹூட் மலையின் உச்சியில் ஸ்டீல் தொடங்கிய மஸாமாஸ் என்ற மலையேறுவோர் கழகம், 1896 ஆகஸ்டில் ஏரிக்கு வந்து விழா எடுத்தது. காணாமற்போன மலைக்குத் தங்கள் கழகத்தின் பெயரையே சூட்டியது. 17 ஆண்டுகள் தொடர்ந்து கடிதமும் சொற்பொழிவும் வாஷிங்டனுக்குப் பயணமுமாக இருந்த ஸ்டீலின் முயற்சி 1902 மே 22 அன்று முடிவுக்கு வந்தது. அன்றுதான் கிரேட்டர் ஏரியைத் தேசியப் பூங்காவாக்கும் சட்டத்தில் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டார்.

மலை எங்கே போயிற்று?

மஸாமா வெடித்துத் தூளாகிப் பறந்ததா, உள்ளே இடிந்து விழுந்ததா என்ற கேள்வி ஆய்வாளர்களிடையே நெடுநாள் இருந்தது. 1902இல் ஜோசப் டில்லர் வெளியிட்ட ஆய்வு முதல் திடமான விடையைத் தந்தது. ஏரிச்சுவரின் மேல்விளிம்பில், சன் நாட்ச், கெர் நாட்ச் என்ற இடங்களில், பனியாறு குடைந்த பள்ளத்தாக்குகள் ஏரிக்கு நேர் எதிரே திடீரென வெட்டுண்டு நிற்கின்றன. பனியாறு மேலிருந்து கீழே வருவது. அது புறப்பட்ட இடத்தில் இன்று வெறும் வெளி இருப்பதால், அங்கே உயர்ந்த மலை இருந்திருக்க வேண்டும். அந்த மலை வெளியே சிதறியிருந்தால் அதன் பழைய பாறை சுற்றுப்புறம் முழுவதும் குவிந்து கிடக்க வேண்டும். ஆனால் சுற்றிலும் கிடப்பது பெரும்பாலும் புதிதாகக் கக்கிய நுரைக்கல்லும் சாம்பலும்தான். ஆகவே மலை உள்ளேதான் போயிருக்கிறது என்றார் டில்லர். 1942இல் ஹவல் வில்லியம்ஸ் வெளியிட்ட விரிவான நூல் படிவுகளின் கன அளவை எல்லாம் கூட்டிப் பார்த்து இந்த முடிவை உறுதி செய்தது. உலகில் மற்ற எரிமலைப் பெருங்குழிகளை ஆராய்வோருக்கும் அந்த நூல் ஒரு முன்மாதிரியாயிற்று.

டில்லரின் குறிப்புகளில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. ஏரியில் செங்குத்தாக மிதக்கும் ஒரு ஹெம்லாக் மரத்தண்டை அவர் 1896இலேயே பார்த்திருந்தார். சுமார் 9 மீட்டர் நீளமுள்ள அந்தத் தண்டு இன்றும் தலையை மட்டும் நீருக்கு வெளியே நீட்டியபடி மிதந்து திரிகிறது. ‘ஏரியின் கிழவன்’ என்பது அதன் பெயர். 1938 கோடையில் மூன்று மாதம் பூங்கா ஊழியர்கள் அதன் போக்கைக் குறித்துவைத்தார்கள். அந்தக் காலத்துக்குள் காற்றின் போக்கில் அது ஏறத்தாழ 100 கிலோமீட்டர் சுற்றியிருந்தது. குளிர்ந்த, தெளிந்த நீரில் மரம் எவ்வளவு மெதுவாக மக்குகிறது என்பதற்கு இதுவே சான்று.

சாலை, விடுதி, மீன்

பூங்கா அமைந்ததும் வருவோருக்கு வசதி வேண்டியிருந்தது. தென்கரையின் மேல் விடுதி கட்டும் வேலை 1909இல் தொடங்கி, பாதி முடிந்த நிலையிலேயே 1915இல் விடுதி திறக்கப்பட்டது. ஆண்டுதோறும் கூரையை அழுத்திய பனிச்சுமையை அந்த அவசரக் கட்டடத்தால் தாங்க முடியவில்லை. பாதுகாப்புக் காரணமாக 1989இல் அதை மூடினார்கள். இடித்துவிடலாம் என்ற யோசனையைப் பொதுமக்கள் எதிர்த்ததால், பெரும்பகுதியைப் புதிதாகக் கட்டி 1995இல் மீண்டும் திறந்தார்கள். ஏரிவிளிம்பைச் சுற்றிய முதல் சாலையை 1913 முதல் 1918 வரை ராணுவப் பொறியாளர்கள் போட்டார்கள். 1930களில் அதைத் திருத்தி அமைத்ததுதான் இன்று சுமார் 53 கிலோமீட்டர் நீளமுள்ள ரிம் டிரைவ்.

ஏரிக்குள் கைவைத்த முதல் ஆளும் ஸ்டீல்தான். எரிமலைக்குழியில் மழைநீர் நிரம்பிய ஏரி என்பதால் இங்கு இயற்கையாக மீனே இல்லை. 1888இல் ஸ்டீல் ரோக் ஆற்றிலிருந்து டிரவுட் மீன்குஞ்சுகளை வாளியில் சுமந்துவந்து விட்டார். வழியில் பெரும்பாலானவை இறந்துபோக, உயிரோடு நீரில் விடப்பட்டவை 37 மட்டுமே. தூண்டில் போடுவோரை ஈர்க்க அதன்பின் 1941 வரை பல வகை மீன்கள் பெரும் எண்ணிக்கையில் விடப்பட்டன. அவற்றில் வானவில் டிரவுட்டும், சால்மன் இனத்தைச் சேர்ந்த கோக்கனியும் மட்டும் தங்கி இனம் பெருக்கிவருகின்றன. இன்று இங்கு மீன்பிடிக்க உரிமம் தேவையில்லை, எத்தனை பிடிக்கலாம் என்ற வரம்பும் இல்லை. அவை அந்த நீருக்கு உரியவை அல்ல என்பதே காரணம்.

மீனுக்குத் தீனியாக இருக்கட்டும் என்று 1915இல் க்ரேஃபிஷ் விடப்பட்டது. இது சிங்கி இறாலின் உருவத்தில் சிறியதான நன்னீர் உயிரி. நெடுங்காலம் சில இடங்களில் அடங்கிக் கிடந்த இது, நீர் வெதுவெதுப்பான அண்மைப் பதிற்றாண்டுகளில் கரையோரத்தின் மிகப்பெரும் பகுதிக்குப் பரவிவிட்டது. இந்த ஏரியில் மட்டுமே வாழும் மஸாமா நியூட் என்ற கருவயிற்று நீர்நிலவாழ்வியை இது தின்கிறது, அதன் இரையையும் பறிக்கிறது. க்ரேஃபிஷ் பரவிய இடங்களில் நியூட் காணாமற்போயிருக்கிறது. முழுமையாக அகற்றும் வழி எதுவும் இன்றுவரை கைகூடவில்லை.

தெளிவை அளத்தல்

கிரேட்டர் ஏரியின் நீலத்துக்குக் காரணம் அதன் நீரில் கலப்பு மிகக் குறைவாக இருப்பது. நீர் ஒளியின் சிவப்புப் பகுதியை உறிஞ்சுகிறது. ஆழம் வரை போகும் நீலம் மட்டும் சிதறித் திரும்பி வருகிறது. மண்ணையும் சருகையும் கொண்டுவர ஆறு இல்லாததால் அந்தத் திரும்புதலைத் தடுப்பது எதுவுமில்லை. தெளிவை அளக்கச் செக்கி வட்டு என்ற கறுப்பு வெள்ளைத் தகட்டைக் கயிற்றில் கட்டி இறக்குவார்கள். அது கண்ணுக்கு மறையும் ஆழமே அளவு. இங்கு அந்த அளவு சராசரியாக 30 மீட்டரை ஒட்டி இருக்கும். 1997இல் 40 மீட்டருக்குக் கீழேயும் வட்டு தெரிந்தது. வெளிச்சம் அவ்வளவு ஆழம் புகுவதால் 100 மீட்டருக்குக் கீழும் பாசிப்படுகைகள் வளர்கின்றன.

1970களின் இறுதியில் வட்டு முன்னைவிட மேலேயே மறையத் தொடங்கியதாக அளவுகள் காட்டின. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1975 கோடையில், பூங்காவின் குடிநீரில் கழிவுநீர் கலந்து வருகையாளர்களும் ஊழியர்களும் நோயுற்றார்கள். பூங்கா சில வாரம் மூடப்பட்டது. விளிம்பில் இருந்த விடுதியின் கழிவுநீர்த் தொட்டிகள் ஏரிக்கும் கசிகின்றனவோ என்ற ஐயம் எழுந்தது. 1982இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஏரியைப் பத்து ஆண்டுகள் தொடர்ந்து ஆராயச் சட்டம் இயற்றியது. தெளிவு ஆண்டுக்கு ஆண்டு இயல்பாகவே ஏறி இறங்கும் என்பதை அந்த ஆய்வு காட்டியது. ஆனாலும் கழிவுநீர் அமைப்பு 1990களின் தொடக்கத்தில் ஏரிவிளிம்பிலிருந்து அகற்றப்பட்டது. கழிவு எதையும் அடித்துச்செல்ல ஆறு இல்லாத ஏரியில், கசிவு உறுதிப்படும் வரை காத்திருப்பதில் பொருளில்லை.

அதே காலத்தில் பூங்காவுக்கு வெளியே புவிவெப்ப மின்சாரத்துக்குத் துளையிடும் திட்டம் ஒன்று பேசப்பட்டது. ஏரியின் அடியில் வெந்நீர் ஊற்று உண்டா என்பதை அறிவது அவசியமாயிற்று. 1988, 1989 கோடைகளில் டீப் ரோவர் என்ற ஒருவர் அமரும் நீர்மூழ்கியில் ஆய்வாளர்கள் தரைவரை இறங்கினார்கள். அங்கே சூடான, உப்பு மிகுந்த நீர் கசிந்து குட்டைகளாகத் தேங்கியிருந்தது. சுற்றிலும் நுண்ணுயிர்கள் மஞ்சள் நிறத் திட்டுகளாகப் படர்ந்திருந்தன. முற்காலத்து வெந்நீர் கட்டியெழுப்பிய சிலிக்காத் தூண்களும் கண்டறியப்பட்டன. மஸாமா முற்றிலும் அடங்கிவிடவில்லை என்பதற்கு இவை சாட்சி.

இன்று போவோருக்கு

ஆண்டுக்குச் சுமார் ஐந்து லட்சம் பேர் வரும் இந்தப் பூங்காவைப் பார்க்க உகந்த காலம் ஜூலை முதல் செப்டம்பர் வரை. இங்கு ஆண்டுக்குச் சராசரியாக 12 மீட்டருக்கும் அதிகமான பனி பொழிகிறது. வட வாயிலும் ரிம் டிரைவும் ஆண்டில் பாதிக்கும் மேல் மூடியிருக்கும். தென்புறச் சாலை மட்டும் குளிர்காலத்திலும் பனி வாரித் திறந்துவைக்கப்படுகிறது. அவ்வளவு குளிரிலும் ஏரி உறைவது அரிது. ஆழ்ந்த நீர் கோடையின் வெப்பத்தைச் சேமித்து வைத்திருப்பதே காரணம். கடைசியாக அது முழுவதும் உறைந்தது 1949இல்.

ஹில்மன் நின்றதாகக் கருதப்படும் டிஸ்கவரி பாயிண்ட், தீவை நேர் கீழே காட்டும் வாட்ச்மன் சிகரம், பூங்காவின் மிக உயர்ந்த இடமான 2,721 மீட்டர் ஸ்காட் மலை ஆகியவற்றுக்கு நடைபாதைகள் உண்டு. தென்கரையை ஒட்டிக் கப்பல்போல் நிற்கும் ஃபேன்டம் ஷிப் என்ற பாறைத்தீவு சுமார் 4 லட்சம் ஆண்டுகள் பழைய எரிமலைப் பாறையால் ஆனது. மஸாமாவின் தொடக்கக் காலத்திலிருந்து எஞ்சியது அது. நீர்க்கரைக்கு இறங்க அனுமதிக்கப்பட்ட பாதை கிளீட்வுட் கோவ் ஒன்றுதான். ஒன்றே முக்கால் கிலோமீட்டருக்குள் 200 மீட்டருக்கும் மேல் இறங்கி, திரும்ப ஏற வேண்டும். பராமரிப்புக்காக அந்தப் பாதை நீண்டநாள் மூடப்படுவது உண்டு என்பதால் புறப்படும் முன் விசாரித்துக்கொள்வது நல்லது. சொந்தப் படகும் மிதவையும் ஏரியில் இறக்கக் கூடாது. வெளிநீரில் ஒட்டிவரும் பாசியோ சிறு உயிரியோ இதற்குள் புகுந்துவிட்டால் திரும்ப எடுக்க முடியாது என்பதற்காக வைத்த விதி அது.

ஏரியை அரசுக் காப்புக்குள் கொண்டுவர 17 ஆண்டுகள் உழைத்த ஸ்டீலே அதில் மீனையும் விட்டார். நீர்மட்டம் வரை மோட்டார் சாலை போட வேண்டும் என்றும் பிற்காலத்தில் வாதாடினார். 1934இல் அவர் இறக்கும்வரை அந்தச் சாலைக்கு அனுமதி கிடைக்கவில்லை. பின்னரும் யாரும் அதைப் போடவில்லை. அவர் பெற்றுத்தந்த சட்டம் ஏரியைக் காத்தது. அவர் விட்ட மீனும், அந்த மீனுக்காகப் பின்னால் வந்த க்ரேஃபிஷும் அதைவிட்டு வெளியேறவில்லை. இந்த ஏரிக்கு மனிதர் செய்த நன்மைகளில் பெரும்பாலானவை, செய்யாமல் விட்ட காரியங்களே.